கள்ளும் காடியும் வினாகிரியும்

பத்தாம் வகுப்பில் பிறமொழிச் சொற்கள் பற்றிய பாடம். போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச்சென்ற சொற்களைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டு வந்தேன். அலுமாரி, ஜன்னல், மேசை, சாவி, கடுதாசி, பாண், தவறணை. கடைசியில் வினாகிரி என்று எழுதிவிட்டுத் திரும்பினால், பின்வாங்கில் இருந்த பிள்ளை ஒருத்தி கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறாள்.

"டீச்சர், வினாகிரி கள்ளுலதானே செய்யிற? அப்ப அது ஹராம் இல்லையா?"

அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் விடவில்லை. "எங்கட வீட்டுப் போத்தல்ல 'செயற்கை வினாகிரி'ண்டு எழுதி இரிக்கி டீச்சர். அது கள்ளுல்ல செய்யிறல்ல, அசிட்ல செய்யிற. வாப்பா சொன்னாங்க."

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. கள்ளில் செய்வதைச் சாப்பிடலாமா என்று ஒரு பக்கம், அசிட்டைச் சாப்பிடலாமா என்று மறு பக்கம். மணி அடித்ததால் நான் தப்பினேன். நான் தமிழ்ச் சிறப்புப் பட்டம் படித்தவள். இரசாயனம் எனக்குச் சாதாரண தரத்தோடு முடிந்த கதை; மார்க்கச் சட்டத்தில் மௌலவியும் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அதற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். எங்கள் இரசாயன ஆசிரியையிடமும், ஊர் ஆலிம் ஒருவரிடமும், என் உம்மாவிடமும் கேட்டு, தெளிந்த அளவை இங்கே எழுதுகிறேன்.

சொல் வந்த வழி

முதலில் என் துறையிலேயே தொடங்குகிறேன். வினாகிரி என்பது போர்த்துக்கேய மொழியின் 'வினாக்ரே'. 'புளித்த வைன்' என்பது அதன் நேர்ப்பொருள். ஆங்கிலத்தின் 'வினிகர்' பிரெஞ்சு வழியாக வந்த அதே சொல்தான். சிங்களத்திலும் 'வினாகிரி' என்றே வழங்குகிறது. போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டியது 1628இல். பத்தே ஆண்டில் ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கோட்டை கைமாறியது, சொல் கைமாறவில்லை. தமிழ்நாட்டில் இதே பொருளை 'வினிகர்' என்கிறார்கள். நாம் சொல்லும் 'வினாகிரி' அவர்கள் காதுக்குப் புதிதாக இருக்கும்.

அப்படியென்றால் போர்த்துக்கேயர் வரும்வரை தமிழனுக்குப் புளித்த நீர் தெரியாதா? நன்றாகத் தெரியும். அதற்குப் பெயர் காடி. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, உப்பு விற்கும் உமணரின் வண்டியை வருணிக்கும் இடத்தில் காடி வைத்த பாத்திரத்தையும் காட்டுகிறது. நீண்ட வழி போகிறவர்கள் கெட்டுப்போகாத ஒன்றைக் கையோடு கொண்டுபோனார்கள் என்று அதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். சித்த வைத்தியத்தில் மருந்துச் சரக்குகளைச் சுத்தி செய்வதற்கு இன்றும் காடி பயன்படுகிறது. அகராதிகளில் காடி என்ற சொல்லுக்குப் புளித்த கஞ்சி, ஊறுகாய், வினாகிரி என்று மூன்று பொருளையும் காணலாம்.

அறபியில் இது 'கல்லு'. மலாய் மொழியில் 'சூக்கா'. இரசாயனப் புத்தகத்தில் வரும் 'அசற்றிக்' என்ற பெயரும் லத்தீனில் வினாகிரியைக் குறிக்கும் 'அசீற்றும்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. ஆகவே 'அசற்றிக் அமிலம்' என்றாலும் 'வினாகிரியிலுள்ள புளிப்பு' என்றாலும் ஒன்றே. பிள்ளைகள் 'அசிட்' என்ற சொல்லைக் கேட்டு மிரளுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தேசிக்காயிலும் அமிலம் உண்டு, புளியிலும் உண்டு, தயிரிலும் உண்டு. அச்சம் தரவேண்டியது அமிலம் என்ற பெயரல்ல, அதன் செறிவு.

பாளையிலிருந்து போத்தல் வரை

தென்னம்பாளையைச் சீவினால் சொட்டும் சாறு முதலில் வெறும் இனிப்பு நீர். அதில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு அளவில் சீனி இருக்கும். முட்டியில் சுண்ணாம்பு பூசி இறக்கினால் அது புளிக்காமல் இனிப்பாகவே இருக்கும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் சில மணித்தியாலங்களுக்குள் நுரைக்கத் தொடங்கிவிடும். அதுதான் கள். காற்றிலும் முட்டியிலும் இருக்கும் மதுவம் என்ற நுண்ணுயிர் சீனியைத் தின்று அற்ககோலையும் காபனீரொட்சைட்டையும் வெளிவிடுகிறது. நுரை அந்த வாயுவால் வருவது.

இது முதற் கட்டம். கள்ளைக் காற்றுப் பட அப்படியே வைத்தால் இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. இப்போது வேறொரு நுண்ணுயிர் வேலைக்கு வருகிறது. அதன் பெயர் அசற்றோபக்டர். இது அற்ககோலை எடுத்து, காற்றிலுள்ள ஒட்சிசனைச் சேர்த்து, அசற்றிக் அமிலமாக்குகிறது. மதுவத்துக்குக் காற்று அவசியமில்லை. இதற்குக் காற்று இல்லாமல் முடியாது. அதனால்தான் வினாகிரிப் பீப்பாவை இறுக மூடாமல் சீலையால் மூடுகிறார்கள். மேலே வழுவழுப்பான ஒரு படலம் மிதக்கும். அழுகிவிட்டது என்று அதை அள்ளி எறிபவர்கள் உண்டு. உண்மையில் அதுதான் வேலை செய்யும் பற்றீரியாக்களின் குடியிருப்பு. 'வினாகிரித் தாய்' என்று அதற்குப் பெயர். உயிர்கள்தான் இதைச் செய்கின்றன என்று 1860களில் பிரான்சில் விளக்கிக் காட்டியவர் லூயி பாஸ்டர். அதற்கு முன் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதர் காரணம் தெரியாமலே இதைச் செய்துவந்தார்கள்.

ஒரு கணக்கு. கள்ளில் நூற்றுக்கு ஆறு பங்கு அற்ககோல் இருந்தால், அது முழுதும் மாறினால் ஏறத்தாழ ஆறு பங்கு அமிலம் கிடைக்கும். வழியில் கொஞ்சம் ஆவியாகிப் போகும். ஆகவே தானாகப் புளித்த எந்த வினாகிரியும் இந்த அளவைச் சுற்றியே நிற்கும். கடையில் நாம் வாங்கும் வினாகிரி பொதுவாக நூற்றுக்கு 4 முதல் 8 வரை. மிகுதி தண்ணீரும், கொஞ்சம் மணமும் நிறமும் தரும் வேறு பொருட்களும்தான்.

எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் தென்னையும் உண்டு, பனையும் உண்டு, தவறணையும் உண்டு. ஆனால் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, அந்தக் கயிற்றில் நடந்தே பெருமளவில் கள் இறக்குவது மேற்குக் கரையில், களுத்துறை, வாதுவைப் பக்கம். அதில் பெரும்பகுதி சாராயத்துக்குப் போகும். ஒரு பகுதி மாதக்கணக்கில் பீப்பாவில் இருந்து வினாகிரியாகி, லொறி ஏறி நம் கடைக்கு வருகிறது.

ஆலையிலிருந்து வரும் அமிலம்

இரண்டாவது பிள்ளை சொன்னதும் சரிதான். 'செயற்கை வினாகிரி' என்பது செறிந்த அசற்றிக் அமிலத்தில் தண்ணீர் கலந்து நீர்ப்பாக்கியது. அந்த அமிலம் இன்று பெரும்பாலும் மெதனோலையும் காபனோரொட்சைட்டையும் சேர்த்துப் பெரிய ஆலைகளில் செய்யப்படுகிறது. அவை இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருபவை. கள்ளுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நம் நாட்டுக்கு இந்த அமிலம் முதலில் அடுப்படிக்காக வரவில்லை, இறப்பருக்காக வந்தது. இறப்பர்ப் பாலை உறையவைக்க அமிலம் வேண்டும். இரண்டாம் உலகப் போரில் கப்பல்கள் தடைப்பட்டபோது அரசாங்கமே ஒரு தொழிற்சாலை வைத்துத் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து அசற்றிக் அமிலம் எடுத்தது. சிரட்டையைக் காற்றுப் படாமல் சூடாக்கினால் கரி மிஞ்சும். வெளிவரும் புகையைக் குளிர்வித்தால் புளித்த நீர் கிடைக்கும். பாளையிலும் வினாகிரி, சிரட்டையிலும் வினாகிரி. தென்னையில் வீண் என்று ஒன்றும் இல்லை என்று நம் பெரியவர்கள் சொன்னது பொய்யில்லை.

கள்ளில் பிறந்த அமிலத்துக்கும் ஆலையில் பிறந்த அமிலத்துக்கும் என்ன வித்தியாசம்? அமிலம் என்ற அளவில் ஒன்றுமில்லை. இரண்டும் ஒரே மூலக்கூறு. கள் வினாகிரியில் கூடுதலாக மணம் தரும் பொருட்கள் சில இருக்கும், சுவை கொஞ்சம் மென்மையாக இருக்கும், நிறம் சற்று மங்கலாக இருக்கும். செயற்கை வினாகிரி தண்ணீர் போலத் தெளிவாக, மூக்கைக் குத்தும். சிலர் அதற்குச் சீனிப்பாகு நிறம் ஊட்டிக் கள் வினாகிரி என்று விற்பதும் உண்டு. ஆய்வுகூடத்தில் காபன் 14ஐ அளந்து பிடித்துவிடலாம். உயிருள்ள மரத்திலிருந்து வந்ததில் அது இருக்கும்; கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த வாயுவிலிருந்து வந்ததில் இருக்காது. நம்மிடம் அந்தக் கருவி இல்லை, சிட்டைதான் இருக்கிறது. உணவுப் பொருளுக்கு ஏமாற்றும் சிட்டை ஒட்டுவதை 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் தடுக்கிறது. சந்தேகம் வந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடலாம்.

நபியவர்களின் ஸுப்ராவில்

இனி முதலாவது பிள்ளையின் கேள்வி.

நபி (ஸல்) அவர்கள் ஒருநாள் வீட்டாரிடம் ரொட்டிக்குத் தொடுகறி கேட்டார்கள். வினாகிரியைத் தவிர வேறொன்றும் இல்லை என்றார்கள். அதையே வரவழைத்துச் சாப்பிட்டு, வினாகிரி எவ்வளவு நல்ல தொடுகறி என்று புகழ்ந்தார்கள். இதை அறிவித்தவர் ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரழி). ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இதைக் கேட்ட நாளிலிருந்து தமக்கும் வினாகிரியில் விருப்பம் உண்டானதாக ஜாபிர் (ரழி) சொல்கிறார்கள்.

இப்போது மேலே சொன்ன இரண்டு கட்டத்தை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஆலையும் இல்லை, இயற்கை வாயுவும் இல்லை. வினாகிரி ஆவதற்கு இனிப்பு நீர் முதலில் அற்ககோலாகத்தான் வேண்டும். பழத்தில் செய்தாலும் அதே வழி. இன்று 'அப்பிள் சைடர்' வினாகிரியை விலைகொடுத்து வாங்கி, கள் வினாகிரியைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். அப்பிள் சாறும் புளித்து மதுவாகித்தான் வினாகிரியாகிறது. வழி ஒன்று, தொடங்கும் பழம்தான் வேறு.

அப்படியென்றால் மதுவை வினாகிரியாக்கலாமா? அனஸ் (ரழி) அறிவிக்கும் மற்றொரு ஹதீஸில், மதுவை வினாகிரியாக மாற்றலாமா என்று கேட்கப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் கூடாது என்றார்கள். இந்த இரண்டையும் சேர்த்து இமாம்கள் ஆராய்ந்தார்கள். ஷாபிஈ மத்ஹபின்படி, மது தானாகவே மாறி வினாகிரியானால் அது சுத்தம், சாப்பிடலாம். உப்போ வெங்காயமோ வேறு எதையோ போட்டு மாற்றினால் ஆகாது. வெயிலிலிருந்து நிழலுக்கும் நிழலிலிருந்து வெயிலுக்கும் நகர்த்தி வைத்ததால் மாறினால் சுத்தமாகும் என்பதே சரியான கருத்து என்று இமாம் நவவி (ரஹ்) எழுதுகிறார்கள். ஹனபி மத்ஹபில், தானாக மாறினாலும் மாற்றப்பட்டாலும் இரண்டும் ஆகும். ஒரு பொருள் தன் தன்மை முழுக்க மாறிவிட்டால் சட்டமும் மாறும் என்ற அடிப்படையை 'இஸ்திஹாலா' என்பார்கள்.

இலங்கையில் நம்மில் பெரும்பாலோர் ஷாபிஈ. அதனால் 'கள் வினாகிரி' என்ற சிட்டையைக் கண்டதும் ஹராம் என்று சொல்லிவிடவும் முடியாது, கேள்வி இல்லை என்று விடவும் முடியாது. தானாகப் புளித்ததா, ஏதும் சேர்க்கப்பட்டதா, முழுதாக மாறிவிட்டதா என்பதைப் பார்க்க வேண்டும். அதை அடுப்படியில் நின்று நாம் கண்டுபிடிக்க ஏலாது. ஹலால் சான்று பார்ப்பதும் ஆலிம்களிடம் கேட்பதும்தான் வழி. ஆலையில் நீர்ப்பாக்கிய வினாகிரியில் கள் என்ற கேள்வி எழுவதில்லை. அந்த ஆலிம் எனக்குச் சொன்ன ஒன்று மனதில் நிற்கிறது. "டீச்சர், எது ஹலால்ண்டு கேட்கிறது பாதி. எது நல்லதுண்டு கேட்கிறது மறு பாதி. குர்ஆன்ல ரெண்டும் சேர்ந்துதான் வருது."

என் வீட்டில் நடந்தது

அந்த மறு பாதிக்குத்தான் இப்போது வருகிறேன்.

என் தங்கையின் கலியாணம். நூற்றுக்கணக்கானோருக்கு ஸஹன் வைக்க வேண்டும். புரியாணிக்கு அச்சாறு என் பொறுப்பு. அத்தனை வினாகிரிப் போத்தல் வாங்கக் காசு கட்டாது என்று, கடையொன்றில் 'வினாகிரி அசிட்' வாங்கினேன். ஒரு பங்குக்குப் பத்தொன்பது பங்கு தண்ணீர் விடுங்கள் என்றார் கடைக்காரர். நூற்றுக்கு 80 செறிவுள்ள அமிலத்தில் அப்படிக் கலந்தால் நூற்றுக்கு 4 வரும். கணக்குச் சரி. பெரிய கலனிலிருந்து ஒரு சோடாப் போத்தலில் ஊற்றித் தந்தார். பெயரில்லை, சிட்டையில்லை, ஆபத்து என்று ஒரு வார்த்தையில்லை. நானும் கேட்கவில்லை. அச்சாறு போட்டு முடித்து, மிச்சத்தை அதே போத்தலோடு குசினி அலுமாரியின் அடித்தட்டில் வைத்தேன்.

என் இரண்டாவது மகனுக்கு அப்போது நாலு வயது. கலியாண வீட்டுச் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை. சோடா என்று எடுத்து வாயில் வைத்துவிட்டான். அவன் வைத்த சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. முதல் மிடறிலேயே துப்பிவிட்டதால் அல்லாஹ் காப்பாற்றினான். உதடும் நாக்கும் வெந்து வெளுத்துப் போயிருந்தன.

மூத்தம்மா விரலைத் தொண்டைக்குள் விட்டுச் சத்தி எடுக்க வைக்க ஓடிவந்தா. அடுத்த வீட்டில் மிஸியாக வேலை செய்யும் ராத்தா ஒருவ அவவின் கையைப் பிடித்தா. "வேணாம் மூத்தம்மா, சத்தி எடுத்தா மறுகா ஒருக்கா தொண்டை வேகும்" என்றா. அப்பச்சோடா கரைத்துக் கொடுப்போம் என்று இன்னொருவர். அதற்கும் அவ விடவில்லை. அமிலமும் சோடாவும் சேர்ந்தால் வயிற்றுக்குள் வாயு பொங்கும், சூடும் வரும். வாயைத் தண்ணீரால் நன்றாகக் கழுவி, விழுங்க முடிகிறதா என்று பார்த்து ஒரு மிடறு தண்ணீர் மட்டும் கொடுத்து, அந்தப் போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடினோம். கிழமைக்கணக்கில் ஆறின கஞ்சியும் பாலும்தான். இன்று அவன் உயர்தரம் படிக்கிறான். அச்சாறு வைத்த கோப்பையை மேசையில் கண்டால் தள்ளி வைப்பான்.

அன்று வைத்தியர் சொன்னதை எங்கள் இரசாயன ஆசிரியை பல வருஷம் கழித்து எனக்கு விளக்கினார். தண்ணீர் கலக்காத அசற்றிக் அமிலத்தைப் 'பனிக்கட்டி அசற்றிக்' என்பார்கள், 16.6 பாகை செல்சியசுக்குக் கீழே அது பனிக்கட்டி போல உறையும். நுவரெலியாவில் விடியப்புறம் உறைந்து கிடக்கலாம். நம் வாவிக்கரையில் அந்தக் குளிர் வருவதில்லை. ஆகவே இங்கே அது எப்போதும் பச்சைத் தண்ணீர் போலவே இருக்கும். நூற்றுக்கு 4 இருக்கும்போது தொடுகறி; நூற்றுக்கு 80 இருக்கும்போது தோலையும் குடலையும் எரிக்கும் திராவகம். மூக்கைக் குத்தும் மணம் மட்டும்தான் எச்சரிக்கை. நாலு வயதுப் பிள்ளைக்கு அந்த எச்சரிக்கை போதாது.

ஆகவே இதை வாசிக்கும் உம்மாமாருக்கும் கடைக்காரச் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். செறிந்த அமிலம் வீட்டுக்கு வேண்டியதில்லை. நீர்ப்பாக்கி, சிட்டை ஒட்டிய போத்தலையே வாங்குங்கள். அதைக் குடிபானப் போத்தலில் ஊற்றி விற்காதீர்கள், வைக்காதீர்கள். தவறி யாராவது விழுங்கிவிட்டால் சத்தி எடுக்க வைக்காதீர்கள். வாயைக் கழுவி, போத்தலோடு உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கண்ணிலோ தோலிலோ பட்டால் குழாய்த் தண்ணீரை இருபது நிமிஷம் விடாமல் ஓடவிட்டுக் கழுவி, மறுகா வைத்தியரிடம் காட்டுங்கள்.

அடுப்படியில் அதன் வேலை

பயப்படுத்தியது போதும். நாலு சதவீத வினாகிரி நல்ல வேலைக்காரன்.

அச்சாறு ஏன் கெடுவதில்லை? அசற்றிக் அமிலத்தின் மூலக்கூறு பற்றீரியாவின் சுவரை ஊடறுத்து உள்ளே போய், உள்ளே பிரிந்து அதன் இயக்கத்தைக் குழப்பிவிடுகிறது. அதே அளவு புளிப்புள்ள வேறு அமிலங்களைவிட இது அழுகலைத் தடுப்பதில் கெட்டிக்காரன். உப்பும் சேர்ந்தால் இரட்டைக் காவல். சின்ன வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், கரட், பப்பாசிக்காய், ஈத்தம்பழம் போட்டு, கடுகை வினாகிரி விட்டு அரைத்துச் செய்யும் மலே அச்சாறு நம் கலியாணச் சாப்பாட்டில் நிலையான இடம் பிடித்ததற்கு இதுவும் காரணம். காய்களில் தண்ணீர் இருக்கிறது. அது வெளிவந்து வினாகிரியின் செறிவைக் குறைக்கும். ஆகவே காய்களைக் கழுவி, ஈரம் போகக் காயவைத்துப் போடவேண்டும். அளந்து ஊற்றித் தரும் மலிவு வினாகிரியில் செய்த அச்சாறு மூன்றாம் நாள் பூஞ்சணம் பிடித்தால், குறை உங்கள் கையில் இல்லை. அதில் தண்ணீர் கூடிப்போயிருக்கலாம். இதைச் சோதிப்பது உயர்தர மாணவர் ஆய்வுகூடத்தில் செய்யக்கூடிய ஒன்றுதான். சோடியமைதரொட்சைட்டைத் துளித்துளியாக விட்டுப் பினோத்தலீன் இளஞ்சிவப்பாக மாறும் இடத்தில் நிறுத்திக் கணக்குப் பார்த்தால் செறிவு தெரிந்துவிடும். எங்கள் பிள்ளைகள் செய்து பார்த்தார்கள். சிட்டையில் 4 என்று எழுதிய போத்தல் நாலுக்குக் கிட்ட வந்தது. சிட்டையில்லாத போத்தலில் அதில் பாதிகூட இல்லை.

வாவி மீனும் இறாலும் வாங்கும் வீடுகளில் வெடில் ஒரு பிரச்சினை. மீன் வெடிலைத் தருவது அமீன் வகைப் பொருட்கள். அவை காரத்தன்மை உள்ளவை. அமிலத்தோடு சேர்ந்தால் ஆவியாகாத உப்பாக மாறித் தண்ணீரோடு போய்விடும். கைக்கும் பலகைக்கும் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி போதும். தேசிக்காயும் இதே வேலையைத்தான் செய்கிறது.

கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது கல்சியங் காபனேற்று. வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி விட்டுக் கொஞ்சம் சூடாக்கி வைத்தால் குமிழ் விட்டுக் கரையும். பிறகு இரண்டு முறை தண்ணீர் கொதிக்கவைத்து ஊற்றிவிட வேண்டும்.

செய்யக்கூடாதவை சில. கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடரோடும் மலசலகூடம் கழுவும் குளோரீன் திரவத்தோடும் வினாகிரியைச் சேர்க்காதீர்கள். குளோரீன் வாயு வெளிவரும். அடைத்த அறையில் மூச்சை நிறுத்திவிடும். இரண்டும் சுத்தம் செய்யும், சேர்த்தால் இன்னும் நன்றாகச் சுத்தம் செய்யும் என்ற எண்ணத்தில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அச்சாற்றை அலுமினியச் சட்டியிலோ ஈயம் பூசாத பித்தளையிலோ வைக்காதீர்கள். அமிலம் உலோகத்தைக் கரைத்து உணவில் சேர்க்கும். கண்ணாடி அல்லது பீங்கான் சாடிதான் சரி. உடம்பு மெலிய, சீனி வருத்தம் குறைய என்று வினாகிரியைத் தண்ணீர் விடாமல் குடிப்பவர்களும் நம் ஊரில் கூடிவிட்டார்கள். பல்லின் மேற்பூச்சை அது அரிக்கும். வைத்தியர் தந்த குளிசைக்கு அது பதிலாகாது. நபியவர்கள் புகழ்ந்தது ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் வினாகிரியைத்தான் என்பதை மறந்துவிட வேண்டாம்.

வகுப்புக்குத் திரும்பி

அடுத்த கிழமை அதே வகுப்பில் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். கேள்வி கேட்ட பிள்ளையிடம், "தானாகப் புளிச்சதாண்டு பாரு, ஹலால் சான்று பாரு, விளங்காட்டி ஆலிமிட்டக் கேளு" என்றேன். மற்றவளிடம், "வாப்பா சொன்னது சரி. ஆனா போத்தல்ல எழுதி இரிக்கிற எண்ணையும் வாசி" என்றேன்.

பிறகு எல்லாரையும் வீட்டுக்குப் போய் ஒரு வேலை செய்யச் சொன்னேன். குசினியில் சிட்டையில்லாத போத்தல் எத்தனை இருக்கிறது என்று எண்ணி, என்ன இருக்கிறது என்று உம்மாவிடம் கேட்டு, ஒவ்வொன்றிலும் தமிழில் பெயர் எழுதி ஒட்டிவிட்டு வரவேண்டும். மறுநாள் கொண்டுவந்த பட்டியல்களில் மண்ணெண்ணெய் இருந்தது, குளோரீன் இருந்தது, பூச்சிமருந்து இருந்தது. மூன்று வீடுகளில் வினாகிரி அசிட் இருந்தது. மூன்றும் சோடாப் போத்தலில்.